கோடை மழை அடித்த மறுநாள் புகைக்கூண்டைப் பாருங்கள்

மதுரை மாவட்டத்தில் சோழவந்தான் பக்கம் எங்கள் வீடு. தாத்தா காலத்துக் காரை வீடு. அடுப்படிக்கு மேலே செங்கல்லில் கட்டிய புகைக்கூண்டு உண்டு. கேஸ் வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் வெந்நீர் போட, நெல் அவிக்க, விசேஷ நாளில் பெரிய பானை ஏற்ற அம்மாவுக்கு விறகு அடுப்புதான். ஒரு சித்திரை மாதம், சாயங்காலம் நாலரை மணி இருக்கும், சிறுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் புழுதி, அப்புறம் காற்று, அப்புறம் இடியோடு மழை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. வாசலில் இரண்டு தென்னை மட்டை கிடந்தது. வேறு சேதம் எதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை அம்மா வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தார். புகை வழக்கத்தைவிட அதிகமாக உள்ளேயே சுற்றியது. விறகு நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. பித்தமாக இருக்கும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தோம். திண்ணைக்கு வந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் தெளிந்தது. மறுபடி அடுப்படிக்குள் போனதும் தலைவலி திரும்ப வந்தது. அப்போதுதான் சந்தேகம் தட்டியது. கொத்தனாரை அழைத்துப் பார்த்தால், கூண்டின் உச்சியிலிருந்து இரண்டு செங்கல் உள்பக்கமாக விழுந்திருக்கின்றன. மைனா கட்டியிருந்த கூட்டின் மேல் அவை உட்கார்ந்து புகை போகும் வழியையே அடைத்திருந்தன. தெருவிலிருந்து பார்த்தவர்களுக்குக் கூண்டு முழுசாகத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து காற்றும் மழையும் பலமாக அடித்த ஒவ்வொரு முறையும் கூண்டைச் சோதித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கிறோம். பழைய வீட்டுக்குப் புதிதாகக் குடிபோனவர்களும், தாத்தா பாட்டி வீட்டைப் பராமரிக்கத் திரும்பி வந்தவர்களும் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கட்டடம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு டார்ச், ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, ஒரு ஊதுபத்தி, ஒரு நூல்கண்டு, கேமரா உள்ள போன், இவை போதும்.

நம் பக்கத்துக் காற்று

மதுரை கடலோர ஊர் இல்லைதான். அதற்காகப் புயல் நமக்கில்லை என்று இருந்துவிட முடியாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் உள்நாட்டுக்குள் வந்து, திண்டுக்கல், கொடைக்கானல் வரை மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. ஆனால் நம் வீடுகளை வருடா வருடம் சோதிப்பது பெரும்புயல்களைவிட மூன்று வழக்கமான காற்றுகள்தான்.

சித்திரை, வைகாசியில் மாலை நேரத்தில் வரும் கோடை மழை முதலாவது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களை ஒட்டி ஏதாவது ஒரு மாலையில் இது அடிக்காத வருடம் குறைவு. கொஞ்ச நேரம்தான் இருக்கும், ஆனால் முதல் பத்து நிமிடக் காற்று பக்கவாட்டில் மோதுகிற வேகம் அதிகம். கூண்டின் மூடி நகர்வது, உச்சிச் செங்கல் விழுவது, இடி இறங்குவது எல்லாம் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். இரண்டாவது ஆடிக்காற்று. அம்மியும் பறக்கும் என்று சொல்வார்களே, அந்தக் காற்று. மழை இருக்காது, வாரக்கணக்கில் ஒரே திசையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே இளகின மூடியையும் குழாயையும் அது ஆட்டி ஆட்டி இன்னும் தளர்த்தும். மூன்றாவது ஐப்பசி, கார்த்திகை மழை. நாள் கணக்கில் ஊறும். ஆடியில் ஆட்டம் கண்ட இடம் ஐப்பசியில் ஒழுகும். அதனால் ஆடி முடிந்ததும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாக, ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சேதத்தைச் சரிசெய்ய வெயிலும் அப்போது இருக்கும்.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

மதுரையிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் புகை வெளியேற நாலு விதமான ஏற்பாடு பார்க்கலாம். காரை வீட்டிலும் கான்கிரீட் மாடியிலும் செங்கல்லில் எழுப்பிய கூண்டு. மேலே நாலு கல் நிறுத்தி, அதன்மேல் ஒரு பலகைக்கல்லோ கான்கிரீட் மூடியோ இருக்கும். ஓட்டு வீட்டில் அடுப்படிக்கு நேர் மேலே கூரையைக் கொஞ்சம் உயர்த்தி விட்ட திறப்பு. மூன்றாவது, புகையில்லா அடுப்பின் குழாய். 1980-களில் அரசுத் திட்டத்தில் பரவியது இது. மூன்று நாலு அங்குலக் குழாய் சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியே போகும், நுனியில் ஒரு தொப்பி. நாலாவது, புதிய வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் மாட்டும் மின்சார சிம்னியின் குழாய். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். செங்கல் கூண்டில்தான் பார்க்க வேண்டியது அதிகம் என்பதால் அதைப் பற்றியே அதிகமாகச் சொல்லியிருக்கிறேன்.

மேலே ஏறுவதற்கு முன்

கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது ஆகட்டும். அதுவரை மொட்டைமாடிக்குப் போகாதீர்கள். மழை விட்டுவிட்டது என்று ஏறியவர்கள் மேல் பின்னால் வந்த மின்னல் இறங்கியதுண்டு.

வாசலில், கொல்லையில் மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, மரக்கிளை கம்பிமேல் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடந்தால் அருகில் போக வேண்டாம். குச்சியால் தள்ளிப் பார்ப்பதும் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தும்வரை பிள்ளைகளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். சோதித்து முடிக்கும்வரை கேஸிலோ மின்அடுப்பிலோ சமையலை ஒப்பேற்றிக்கொள்ளலாம். முதல் நாள் அடுப்பில் தணல் இருந்து, அதன்மேல் மழைநீர் இறங்கியிருந்தால், கனல் முழுக்க அணைந்ததா என்று பார்த்துக்கொண்டு கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

இதில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அடைபட்ட கூண்டில் ஆபத்து கண்ணைக் கரிக்கும் புகை மட்டும் இல்லை. விறகும் கரியும் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகை அடங்கித் தணல் மட்டும் கனிந்திருக்கும்போதும் அது வந்துகொண்டிருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கை கால் அசதி, இவைதான் அறிகுறிகள். வெளியே வந்தால் தெளிவதும் உள்ளே போனால் திரும்ப வருவதும் பெரிய துப்பு. வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு இப்படி இருந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் அடுப்பைச் சந்தேகப்படுங்கள். எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு, மயக்கமோ குழப்பமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். எங்கள் வீட்டில் இது தெரியாமல் அரை நாளைக் கடத்தினோம். அம்மா பிழைத்தது வாசல் திண்ணையால்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் சோதனை அடுப்படியில்

எல்லோரும் நேரே மாடிக்கு ஓடுவார்கள். நான் அடுப்படியில்தான் தொடங்குவேன். கூண்டில் என்ன நடந்திருந்தாலும் அதன் தடயம் கீழே வந்து விழும்.

அடுப்பையும் அதைச் சுற்றியுள்ள தரையையும் கூட்டிப் பெருக்குவதற்கு முன் பாருங்கள். சாம்பலில் லேசாக ஈரம் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். காற்றோடு வருகிற மழை சாய்வாக அடிக்கும். மூடி சரியாக இருந்தாலும் அதன் அடியில் புகுந்து கொஞ்சம் சாரல் இறங்கத்தான் செய்யும். சாம்பல் சேறாகிக் கிடந்தால், அல்லது செங்கல் துண்டு, காரைப் பொடி, சிவப்புத் தூள், மணல் விழுந்திருந்தால் மேலே ஏதோ உடைந்திருக்கிறது. சுள்ளி, நார், இறகு கிடந்தால் கூடு சரிந்திருக்கிறது. கரி செதில் செதிலாகக் கொட்டியிருந்தால் கூண்டு பலமாக அதிர்ந்திருக்கிறது.

அப்புறம் சுவர். கூண்டு கூரையைத் துளைத்துப் போகும் இடத்தைச் சுற்றிலும் பாருங்கள். டிக்காஷன் நிறத்தில் கோடு வழிந்திருந்தால் தண்ணீர் கரியைக் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நேற்றைய மழையின் வேலையாக இருக்காது, பல மழைக்காலமாக ஊறி ஊறிக் காய்ந்த இடம். கோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். அடுத்த மழைக்கு அது பெரிதாகிறதா என்று தெரிந்துவிடும்.

இப்போது கண்ணாடி. வெளிச்சம் நன்றாக இருக்கும் நடுப்பகலில், அடுப்புக்கு மேலே கூண்டின் வாயில் முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். கூண்டு நேராக இருந்தால் உச்சியில் மூடியின் இரண்டு பக்கத்திலும் வானம் தெரிய வேண்டும். முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லை என்றால், அல்லது ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது என்றால், வழி அடைந்திருக்கிறது அல்லது மூடி நகர்ந்திருக்கிறது. டார்ச்சை அடித்து உள்சுவரைப் பாருங்கள். கரி படிந்த கறுப்புக்கு நடுவில் செக்கச்செவேல் என்று ஒரு திட்டு தெரிந்தால் அங்கிருந்து பூச்சோ கல்லோ இப்போதுதான் பெயர்ந்திருக்கிறது. தலையை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டாம். மேலே என்ன தொங்கிக்கொண்டிருக்கும் என்று தெரியாது. கண்ணாடி அதற்காகத்தான்.

கடைசியாக ஊதுபத்தி. ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, பற்றவைத்த ஊதுபத்தியைக் கூண்டின் வாயருகே பிடியுங்கள். புகை மேல்நோக்கி இழுபட வேண்டும். அப்படியே நின்று சுற்றினாலோ முகத்துக்குத் திரும்பி வந்தாலோ அடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வெயில் ஏறி, கூண்டின் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில் நல்ல கூண்டுகூடச் சோம்பலாக இழுக்கும். அதனால் விடியற்காலையில் ஒருமுறையும் செய்து பாருங்கள். இரண்டு தடவையும் திரும்பினால் சந்தேகமே வேண்டாம்.

தெருவிலிருந்து

அடுத்து வெளியே போய், கூண்டின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரத்தில் நின்று பாருங்கள். நாலு பக்கமும் பார்க்க வேண்டும். எதிர்வீட்டு மாடியில் ஏற அனுமதித்தால் இன்னும் நல்லது. போனில் பெரிதாக்கி நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து பார்க்கும்போது தப்பும் விஷயங்கள் படத்தில் சிக்கும்.

சாய்வைக் கண்டுபிடிக்க, பக்கத்து வீட்டுச் சுவர் ஓரமோ மின்கம்பமோ கூண்டுக்குப் பின்னால் வரும்படி நின்று ஒப்பிடுங்கள். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் நூலில் ஒரு கல்லைக் கட்டிக் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் கூண்டின் ஓரத்தையும் பொருத்திப் பாருங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலைதான் இது. பழைய கூண்டு கட்டும்போதே கொஞ்சம் கோணலாக இருந்திருக்கலாம். பழைய கல்யாணப் படம், கிரகப்பிரவேசப் படம் எதிலாவது கூண்டு தெரிகிறதா என்று தேடிப் பார்த்தால் புதுச் சாய்வா பழைய சாய்வா என்று தெரியும். புதுச் சாய்வு என்றால் இந்தச் சோதனையை அத்தோடு நிறுத்திவிடுங்கள். கூண்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் யாரும் நடக்காமல், வண்டி நிறுத்தாமல், கயிறு கட்டித் தடுத்துவிட்டுக் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புங்கள். மாடிக்கு ஏற வேண்டாம்.

மொட்டைமாடியில்

தளம் காய்ந்த பிறகு ஏறுங்கள். பழைய தட்டோட்டுத் தளத்தில், அதாவது தட்டையான ஓடு பதித்த தளத்தில், பாசி இருந்தால் வழுக்கும். கீழே ஒருவர் இருக்கட்டும். கூண்டைக் கையால் தள்ளிப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்புக் கலவை மாவாகிப்போன கூண்டு தன் எடையால் மட்டும் நின்றுகொண்டிருக்கலாம்.

விரிசல்களை நிதானமாகப் பாருங்கள். எல்லா விரிசலும் ஒரே கதையைச் சொல்லாது. பூச்சின் மேல் மட்டும் சிலந்தி வலை மாதிரி ஓடும் மயிரிழைக் கீறல்கள் வெயில் செய்தவை. அவசரம் இல்லை, மழைக்காலத்துக்கு முன் பூசிக்கொள்ளலாம். செங்கல் இணைப்புகளைத் தொடர்ந்து படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் என்றால் கலவை விட்டுக்கொடுக்கிறது, அல்லது ஒரு பக்கம் இறங்குகிறது. மூலையில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல், மூடிக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதியதாலோ உள்ளே வெப்பம் தாங்காமலோ வந்திருக்கும். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கூண்டின் அடியில் நாலு பக்கமும் சுற்றி ஓடும் கிடைமட்ட விரிசலுக்குத்தான். காற்று கூண்டை ஒரு மரத்தைப் போல ஆட்டியிருக்கிறது, அடியில் பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த காற்றுக்கு அது நிற்கும் என்று நம்ப முடியாது.

விரிசல் புதிதா பழையதா என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே செங்கல்லின் நிறம் பளிச்சென்று சுத்தமாக இருந்தால் புதிது. தூசி, பாசி, எறும்புப் புற்று, சிலந்தி நூல் அடைந்திருந்தால் பழையது. அகலத்துக்கு ஒரு ஏடிஎம் அட்டையை அளவாக வைத்துக்கொள்ளலாம். அது முக்கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும். அட்டை தடையில்லாமல் நுழைகிற புது விரிசலைக் கொத்தனாரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

அப்புறம் ஒரு நாணயத்தால் பூச்சை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடம் கணீர் என்று சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் பானையைத் தட்டியது மாதிரிப் பொத் பொத் என்று சொல்லும். பொத்தென்ற இடங்களைக் கரியால் வட்டமிட்டு வையுங்கள். மறுநாள் கொத்தனார் வரும்போது அவர் வேலை பாதியாகும். செங்கல்லின் முகம் தகடு தகடாக உரிந்திருந்தால் அந்தக் கல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது; அதை மாற்றுவதுதான் வழி.

மூடியைப் பார்க்க ஏணி வேண்டாம். போனை ஒரு குச்சியில் கட்டி உயர்த்திப் படம் எடுங்கள். மூடி இருந்த இடத்தின் தடம், அதாவது அதைச் சுற்றி வெளுத்த இடத்துக்கும் அடியில் கறுத்த இடத்துக்கும் நடுவில் இருக்கும் எல்லை, நகர்ந்ததைக் காட்டிக்கொடுக்கும். ஒரு விரல்கடை நகர்ந்திருந்தாலும் தாங்கும் நாலு கல்லில் ஒன்று போயிருக்கலாம். மூடி விழுந்துவிட்டது என்றால், அது எங்கே விழுந்து கிடக்கிறது என்று தேடுங்கள். தளத்தில் விழுந்திருந்தால் அந்த இடத்தின் தட்டோடும் உடைந்திருக்கும். கூண்டைச் சரிசெய்துவிட்டு ஒழுகலுக்கு வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கூண்டும் தளமும் சேரும் அடிப்பகுதிதான் ஒழுகலின் பிறப்பிடம். அங்கே தண்ணீர் விலகி ஓடும்படி வாட்டமாகப் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு தளத்தை விட்டோ கூண்டை விட்டோ பிரிந்திருக்கிறதா என்று முழங்காலிட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கலாம். கீழே அடுப்படியில் ஒருவரை நிறுத்திவிட்டு, முதலில் அடிப்பகுதியில் மட்டும் ஒரு பக்கமாக வாளித் தண்ணீரை மெல்ல விட்டுக்கொண்டே பதினைந்து நிமிடம் காத்திருங்கள். ஒழுகவில்லை என்றால் அடுத்த பக்கம். நாலு பக்கமும் முடிந்த பிறகு கூண்டின் நடுப்பகுதி, கடைசியில் உச்சி. எடுத்த எடுப்பிலேயே மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும். எந்த இடம் குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

இடி இறங்கியிருந்தால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். செங்கல் உள்ளிருந்து வெடித்துச் சிதறியது போல, துண்டுகள் தூரமாகப் போய்க் கிடக்கும். கருகின தடம் ஒன்று கீழ்நோக்கி ஓடும். வீட்டில் சில ஸ்விட்சுகள், மோட்டார், டிவி போயிருக்கும். அப்படியென்றால் கூண்டைவிட முதலில் ஒயரிங்கை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மெயினை அணைத்து வையுங்கள்.

ஓட்டு வீடு என்றால்

கூரைமேல் ஏறாதீர்கள். மழையில் ஊறின ஓடு ஆள் எடையைத் தாங்காது. அடியில் பனஞ்சட்டம் இற்றிருந்தால் ஓட்டோடு ஆளும் உள்ளே வர வேண்டியதுதான். பகலில் அடுப்படிக் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு இருட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். புதிதாக வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் ஓடு நகர்ந்த இடம். புகைத் திறப்பைச் சுற்றி இருக்கும் ஓடுகள்தான் முதலில் தூக்கும், ஏனென்றால் காற்று அந்த உயரத்தில்தான் தடுக்கி மேலே ஏறுகிறது. கரி படிந்த சட்டத்தையும், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அந்த மரம் போயிற்று.

குழாயும் மின்சார சிம்னியும்

புகையில்லா அடுப்பின் குழாயில் நுனித் தொப்பி இருக்கிறதா, சுவரோடு பிடிக்கும் கிளிப் இளகியிருக்கிறதா, குழாய்களின் இணைப்பு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் அந்தக் காலத்துக் குழாய்கள் பல ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. உடைந்திருந்தால் அறுக்கவோ, சுத்தியலால் தட்டவோ, துண்டுகளை விளக்குமாற்றால் கூட்டவோ வேண்டாம். அதன் நார்த்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, கையுறையோடு எடுத்துத் தடித்த பையில் கட்டி வையுங்கள். பிள்ளைகள் அந்தத் துண்டுகளை வைத்துத் தரையில் கோடு போட்டு விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். புதிதாக மாட்டும்போது தகரக் குழாயாக மாட்டிக்கொள்ளலாம்.

மின்சார சிம்னியில் வெளிச்சுவரில் இருக்கும் மூடியைப் பாருங்கள். அதன் இதழ்கள் ஒடிந்தோ திறந்த நிலையில் சிக்கியோ இருந்தால் மழை குழாய் வழியாக மோட்டாருக்கே வந்துவிடும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பழுப்பாக அடுப்பின்மேல் சொட்டினால் அதுதான் நடந்திருக்கிறது. ஸ்விட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதுவும் முடியாத உயரத்தில் இருந்தால் மெயின் பெட்டியில் அதற்கான எம்சிபி ஸ்விட்சை இறக்கிவிட்டு, மெக்கானிக்கை அழையுங்கள்.

படமும் காகிதமும்

சுத்தம் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். விழுந்த செங்கல் விழுந்த இடத்திலேயே, கறையோடு சுவர், சாய்வோடு கூண்டு. வீட்டுக் காப்பீடு இருந்தால் இது இல்லாமல் பணம் வாங்குவது கஷ்டம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. புயல், வெள்ளம், மின்னல் எல்லாம் அதில் அடக்கம். நாளடைவில் தேய்ந்து போனதற்கு அதில் பணம் கிடைக்காது. அதனால்தான் புது விரிசலையும் பழைய விரிசலையும் தனித்தனியாகப் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். வீடு பெரிதாக இடிந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் மனு கொடுங்கள். யாராவது சிக்கிக்கொண்டிருந்தால் தீயணைப்புத் துறை 101, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

வாடகை வீடு என்றால் வாய்வார்த்தையாகச் சொல்லி விட்டுவிடாமல் வீட்டுக்காரருக்குப் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதி அதிலேயே நின்றுவிடும்.

கொத்தனாரிடம் பேசும்போது

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் நாலு மூட்டை சிமெண்ட் எடுத்து மொத்தமாகப் பூசிவிடலாம் என்றார். இரண்டாவதாக வந்த பெரியவர் கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “இது சுண்ணாம்புக் கட்டும்மா தாயி. சிமெண்ட வச்சு மூடுனா உள்ள இருக்கிற ஈரம் எங்க போகும்?” என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. பழைய சுண்ணாம்புக் கலவை மென்மையானது, மூச்சு விடும். அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சு போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் உரியும். சில வருடத்தில் பூச்சு அப்படியே பாளமாகக் கழன்றுவிடும். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பில்தான் சரிசெய்ய வேண்டும். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி போட்டு அரைக்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில் வேலை செய்தவர்களை விசாரித்தால் ஆள் கிடைக்கும். உங்களுடையது சிமெண்டில் கட்டிய கூண்டாக இருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

கொத்தனாரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கூண்டின் உள்பக்கத்தையும் பார்த்தீர்களா? எதுவரை இறக்கிக் கட்ட வேண்டும், ஏன்? விழுந்த கல் உள்ளே தங்காமல் எப்படி எடுப்பீர்கள்? முதல் கேள்விக்கே தடுமாறுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மழை விட்ட அன்றே பூசச் சொல்லாதீர்கள். ஊறின செங்கல் காய இரண்டு மூன்று வாரம் வெயில் வேண்டும். அதுவரை தார்ப்பாயால் உச்சியை மூடிக் கட்டலாம். மூடியிருக்கும்போது யாரும் மறந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துவிடாமல் அடுப்பின் வாயில் ஒரு பலகையை வைத்து, தார்ப்பாய் போட்டிருக்கிறது என்று சாக்கட்டியில் எழுதி வையுங்கள். மூடியின் அடியில் பறவை நுழையாதபடி கம்பி வலை வைக்கச் சொல்லுங்கள். கண் மிகச் சின்னதாக இருந்தால் கரி அடைத்துக்கொள்ளும், ஒரு அங்குலக் கண் சரியாக இருக்கும். மைனா குஞ்சு வைத்திருக்கும் மாதங்கள் சித்திரையிலிருந்து ஆடி வரை. கூட்டில் குஞ்சு இருந்தால் அவை பறந்துபோகும்வரை விறகு அடுப்பில்லாமல் சமாளித்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் வேலை என்றால் ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு இன்னும் மெதுவாக இறுகும், கொத்தனார் சொல்லும் நாள் வரை காத்திருங்கள். அதன் பிறகு முதல் நெருப்பு சின்னதாக இருக்கட்டும். காய்ந்த சுள்ளி நாலைந்து, பத்து நிமிடம், அவ்வளவுதான். எடுத்த எடுப்பில் பெரிய தீ வைத்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிப் புதுப் பூச்சைப் பிளந்துவிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒருவர் உள்ளே நிற்க, இன்னொருவர் தெருவில் நின்று புகை மூடிக்கு அடியிலிருந்து மட்டும் வருகிறதா, இடையில் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்று தெருவில் நின்றது அம்மாதான். இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் புகை வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அந்தச் சின்ன நெருப்பிலேயே பால் மட்டும் காய்ச்சினார்.